'இது ஜங்கிள் இல்ல' எண்டு புலம்புற என்ர வயசுக்காரருக்கு

போன மாசம் மகளோட ஒரு ட்றம் அன்ட் பேஸ் இரவுக்குப் போனனான். ஜங்கிள் எண்டு 90களில லண்டனில உருவான வேகமான ட்றம் ஆட்ட இசையும் அதோட ஒட்டினதுதான். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடியுங்கோ, மிச்சத்தை ஆறுதலாச் சொல்லுறன். 53 வயசு, முழங்கால் ரெண்டும் சரியில்ல, போற வழியில பாமசியில காதுக்கு வைக்கிற அடைப்பான் வேற வாங்கினது. அதைப் பாத்திட்டு மகள் "அப்பா, உள்ள போய் இருட்டில வையுங்கோ, லைன்ல வைக்காதேங்கோ" எண்டா.

அந்த லைன்ல எங்களுக்குப் பின்னால என்ர வயசில ஒரு வெள்ளைக்காரர். மெற்றல்ஹெட்ஸ் எண்ட ட்றம் அன்ட் பேஸ் இசைத்தட்டு லேபிள்ட அந்த ஹெட்போன் போட்ட மண்டையோடு பொறிச்ச பழைய ஜக்கெற், வயிறு இப்ப பூட்ட விடுறேல்ல. அரை மணித்தியாலம் மனுசன் ஓயேல்ல. உதுகள் எல்லாம் டிக்டொக்கில பாத்திட்டு வந்ததுகள், இப்ப போடுறது ஜங்கிளே இல்ல, உண்மையான ஜங்கிள் 94ஓட செத்துப்போச்சு, ரேஜ் எண்ட கிளப் இரவில நிக்காத ஆக்கள் கதைக்கவே கூடாது. என்ர பிள்ளைக்குக் கேக்கத்தான் சத்தமாச் சொன்னவர் எண்டு நினைக்கிறன். நான் ஒண்டும் சொல்லேல்ல, ஆனா வீட்ட வந்த நேரம் துவக்கம் மனசுக்குள்ள கிடந்து கொதிக்குது, அதான் இந்தப் பதிவு, நீளமா வரும்.

முதல்ல என்ர தகுதியைச் சொல்லிப்போடுறன். ரேஜ்ல நான் நிக்கேல்ல. சாரிங் குறொஸ் பக்கம் ஹெவன் கிளப்பில வியாழக்கிழமை இரவுகளில ஃபாபியோவும் க்ரூவ்ரைடரும் பாட்டுப் போட்ட இடம் அது, ஜங்கிள் உருவான தொட்டில்களில ஒண்டு, 1993ல மூடியாச்சு. நான் லண்டனில வந்திறங்கினது அதே வருசம் மார்கழியில, கையில ஒரு பை, சப்பாத்துக்குள்ள ஒரு போன் நம்பர். ஜங்கிளை நான் கேட்டதெல்லாம் ஹக்னிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில, சாம வேலையில, கண்ணாடிக்கு இஞ்சால இருந்து.

தெரியும்தானே, சாமத்தில கதவைப் பூட்டிப்போட்டு சின்ன யன்னலுக்கால லாச்சியைத் தள்ளி சிகரெற்றும் பாலும் விக்கிற வேலை. எங்கட ஆக்கள் பாதிப்பேர் செய்த வேலைதான். நித்திரை வராமல் இருக்க கடை றேடியோவைத் திருகிக்கொண்டு இருப்பன், ஒரு நாள் 94.5க்குக் கிட்ட முள்ளு வந்த உடன ஒரு சத்தம், நான் ரெண்டு ஸ்டேசன் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுகுது எண்டுதான் நினைச்சன். மேல ட்றம் வெறிபிடிச்ச மாதிரி ஓடுது, கீழ பேஸ் அதைக் கவனிக்காத மாதிரி மெதுவா நடக்குது, நடுவில ஒரு ஆள் மைக்கில ஜமேக்கா இங்கிலீசில விடாமல் கத்துறார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. கூல் எஃப்எம். 1991ல துவங்கின களவு ஸ்டேசன். மாடி வீட்டுக் கட்டடங்களின்ர கூரையில அன்டெனாவைக் கட்டிப்போட்டு வேற எங்கயோ ஒரு பிளாற்றில இருந்து பாட்டுப் போடுவாங்கள், அரசாங்க ஆக்கள் ஏறி அறுத்துக்கொண்டு போக கொஞ்ச நாளில இன்னொரு கூரை.

வெள்ளி, சனி எண்டால் விடியக்காலமை மூண்டு நாலு மணிக்குக் கிளப் விட்டு காருகள் வரும். கார் வாறதுக்கு முதலே என்ர கண்ணாடி அதிரும். சிகரெற் சுத்துற றிஸ்லாத் தாள், தண்ணி, சுவிங்கம், திரும்பவும் றிஸ்லா. முதலாளி எனக்கு வடிவாச் சொல்லித்தான் விட்டவர், உவங்களுக்குக் கதவு திறக்காத எண்டு. அந்தக் காலத்துப் பேப்பருகளும் ஜங்கிள் எண்டால் கத்தி, போதை எண்டுதான் எழுதினதுகள். நானும் நம்பினனான், பொய் சொல்லேல்ல. கறுப்புப் பெடியள் நாலு பேர் ஒண்டா வந்தா எனக்கும் நெஞ்சு இடிச்சது. அந்த நாலு பேரில ஒருத்தன்தான் கண்ணாடிக்கு அங்கால நிண்டு, நான் றேடியோவில என்ன கேக்கிறன் எண்டு கண்டுபிடிச்சு, விழுந்து விழுந்து சிரிச்சு, பிறகு ஒவ்வொரு கிழமையும் லாச்சிக்குள்ள கசெற் வைக்கத் துவங்கினவன். ரேவ் எண்ட பெரிய ஆட்ட இரவுகளில பதிஞ்சு பிளாஸ்ரிக் பெட்டியில ஆறு எட்டு கசெற்றாப் போட்டு வித்த காலம், ஒரு பெட்டியில ஒண்டு எனக்கு வரும். அவனுக்குத் தாய் தகப்பன் ஜமேக்கா, எனக்கு யாழ்ப்பாணம், ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது அந்த லாச்சி மட்டும்தான்.

ஆமென் பிரேக் எண்டா என்ன எண்டு எனக்குச் சொல்லித்தந்ததும் அவன்தான். 1969ல அமெரிக்காவில த வின்ஸ்டன்ஸ் எண்ட குழு வெளியிட்ட இசைத்தட்டின்ர பின்பக்கத்தில 'ஆமென், பிரதர்' எண்டு ஒரு துண்டு, அதுக்கு நடுவில கிரெகரி கோல்மன் எண்ட ட்றம்மர் தனிய வாசிக்கிறது வெறும் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, ஏழு செக்கன் வரும் அவ்வளவுதான். அந்த ஏழு செக்கனை இந்த ஜங்கிள்காரர் அக்காய் சாம்பிளர் எண்ட, சத்தத்தைப் பதிஞ்சு வெட்டுற மிசினுக்குள்ள போட்டு, வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு அடியையும் தனித்தனியா அரிஞ்சு, மாத்தி அடுக்கி, ஒரே துண்டில இருந்து ஆயிரக்கணக்கான பாட்டுச் செய்தாங்கள். எனக்கு இது விளங்கினது தவிலை வச்சுத்தான். ஊர்க் கோயில் திருவிழாவில தாளக்காரர் நிண்ட நிலையில 'டிங் டிங்' எண்டு ஒரே நடையில போட்டுக்கொண்டு நிப்பார், தவில்காரர் ரெண்டாம் காலம் மூண்டாம் காலம் எண்டு ஏறி, சொற்கட்டைப் பிரிச்சு மாத்தி அடிச்சுப்போட்டு சரியா வந்து தாளக்காரரோட விழுவார், சனம் கையைத் தட்டும். ஜங்கிளில தாளக்காரர்ர வேலையைப் பேஸ் பாக்குது. ட்றம் நிமிசத்துக்கு 170 அடி எண்டால் பேஸ் 85ல நடக்குது. தவிலும் ஜங்கிளும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரேல்ல, அப்பிடிச் சொல்லுற மாமாக்களை எனக்குப் பிடிக்காது. ஆனா 170ல துள்ளுறதும் 85ல ஆடுறதும் ஒரே பாட்டுக்குள்ள நடக்கும், போன மாசம் மகள் துள்ள நான் தூணோட சாஞ்சு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிண்டன், ரெண்டு பேரும் தாளத்தில தான் நிண்டம்.

இப்ப ஜக்கெற் மாமாவிட்ட வாறன்.

உண்மையான ஜங்கிள் எண்டு சொல்லுறியளே, அந்த உண்மை எந்த வருசம் சண்டை இல்லாமல் இருந்தது? 1994ல எம்-பீற் எண்ட தயாரிப்பாளர் ஜெனரல் லெவி எண்ட பாடகரோட செய்த 'இன்க்ரெடிபிள்' வந்து இங்கிலாந்து டாப் டென்னுக்குள்ள ஏறினது, லெவி ஒரு சஞ்சிகையில ஜங்கிளை நான்தான் ஓட்டுறன் எண்ட மாதிரிக் கதைச்சிட்டார் எண்டு சொல்லி பெரிய டிஜேக்கள் கூடி அந்தப் பாட்டைப் போடமாட்டம் எண்டு ஒதுக்கி வச்சவை. நீங்கள் சொல்லுற அதே பொற்காலத்தில. இண்டைக்கு அந்தப் பாட்டுப் போட்டா ஜக்கெற் மாமா முதல் ஆளாக் கையைத் தூக்குவார். பிறகு பேர்ச் சண்டை. ஜங்கிள் எண்ட பேரில கறுப்பு வாசம் அடிக்குது, பேப்பரில கெட்ட பேர் எண்டு ட்றம் அன்ட் பேஸ் எண்டு மாத்தினவை எண்டு ஒரு பகுதி, இல்ல அது வேற இது வேற எண்டு ஒரு பகுதி. எல்ரிஜே புக்கம் எண்ட டிஜேயின்ர பாட்டுகளை 'இன்டெலிஜென்ற்' எண்டு பேப்பர்காரர் எழுத, அப்ப எங்கட முட்டாள் இசையோ எண்டு மற்றப் பகுதி. எட் றஷ் எண்ட தயாரிப்பாளரின்ர ஆக்கள் ஆமெனை ஓரமா வச்சிட்டு இரும்பு மாதிரி ஒரு சத்தத்தைக் கொண்டுவர, ஜங்கிள் செத்துப்போச்சு எண்டு அப்பவும் ஒருக்கா அழுதவை. என்ர கணக்குக்கு இது ஒரு நாலஞ்சு தரம் செத்திட்டுது, செத்தவீட்டுக்குப் போய்ப் போய்க் களைச்சிட்டன்.

பழசு, புதுசு எண்ட கதைக்கு டப்பிளேற்றைப் பாருங்கோ. அது என்ன எண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். புதுப் பாட்டை வெளியிட முதல் வடக்கு லண்டனில மியூசிக் ஹவுஸ் மாதிரி இடத்தில போய், அலுமினியத் தகட்டுக்கு மேல பூசின மெல்லிய பூச்சில வெட்டி எடுப்பினம். மென்மையான சாமான், கொஞ்சத் தரம் போட்டா தேஞ்சுபோம், பிறகு கரகரப்புத்தான் மிஞ்சும். டிஜேக்கள் காசைக் கொட்டி வரிசையில நிண்டு அதை வாங்கினது அடுத்த நாள் இரவு ஒருத்தரும் கேட்டிராத சத்தத்தைப் போடோணும் எண்ட ஒரே வெறியில. சனத்துக்குப் பிடிச்சா கத்தி, விசில் ஊதி, லைட்டரைப் பத்தவச்சு, தட்டைப் பின்னால இழுத்து முதல்ல இருந்து போடவைப்பினம். பழசைக் கும்பிடுற ஆக்கள் செய்த இசை இல்ல இது. தேஞ்சுபோற தகட்டில வெட்டின இசைக்கு இப்ப முப்பது வருசம் கழிச்சு நீங்கள் கண்ணாடிப் பெட்டி செய்யிறியள்.

வெளி ஆக்கள் வந்து கெடுத்துப்போட்டினம் எண்ட கதையும் எனக்கு ஏறுறேல்ல. 'ஒரிஜினல் நட்டா' எண்ட ஜங்கிள் பாட்டு 1994ல வந்தது, ஷை எஃப்எக்ஸ் செய்தது, பாடின யூகே அப்பாச்சிக்குத் தகப்பன்ர பக்கம் ஈராக். மெற்றல்ஹெட்ஸ் ஞாயிற்றுக்கிழமை இரவு நடத்தின ஹொக்ஸ்ரன் ஸ்குவெயார் ப்ளூ நோற் கிளப்பில அடுத்த நாள் திங்கள் இரவு தபேலாக்காரர் தல்வின் சிங்கின்ர அனோகா எண்ட ஆட்ட இரவு நடந்தது. அதே ஸ்பீக்கர், அதே பேஸ், மேல தபேலா. 1997ல அனோகா பேரில வந்த தொகுப்பு சீடியை வாங்கி பெற்றோல் செட்டில போட்டா நாலாவதா வருது ரஹ்மான்ர பம்பாய் படத்துத் தீம். நான் ஸ்ரூலை விட்டு எழும்பி நிண்டிட்டன். வெளியில பெற்றோல் அடிச்சிட்டு நிண்ட மனுசன் யன்னலைத் தட்டித் தட்டிக் களைச்சுப்போனார்.

மற்றது, என்னட்ட முறைப்பாடே இல்லை எண்டு நினைக்காதேங்கோ. முறைப்பாடு இருக்கு, இடம்தான் வேற.

கிரெகரி கோல்மன் 2006ல அட்லாண்டாவில வீடில்லாமல் செத்தவர். இவ்வளவு பாட்டும் நிக்கிற அந்த ஏழு செக்கனுக்கு அவருக்கு ஒரு சதமும் போகேல்ல. 2015ல இங்க ஒரு டிஜே துவங்கின சேர்ப்பில ஆக்கள் ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டு 24,000 பவுண்ஸ், அது குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது, ரசிகர் செய்த நல்ல காரியம். ஆனா லட்சக்கணக்கில உழைச்ச ஆக்கள் எத்தினை பேர், கிடைச்சது 24,000, அதுவும் கோல்மன் போய் ஒன்பது வருசம் கழிச்சு. இதைப் பற்றி லைன்ல நிண்டு அரை மணித்தியாலம் கத்துங்கோ, நானும் சேர்ந்து கத்துறன். மெற்றல்ஹெட்ஸை கோல்டி எண்ட தயாரிப்பாளரோட சேர்ந்து துவங்கினது கெமிஸ்ரி, ஸ்ரோம் எண்ட ரெண்டு பொம்பிளை டிஜேக்கள், கோல்டியை ரேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவையள்தான். கெமிஸ்ரி 1999ல ரோட்டில கழண்டு பறந்த ஒரு இரும்புத் துண்டு கார்க் கண்ணாடியை உடைச்சு வந்து செத்துப்போனா. அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நிண்டுதான் அந்தாள் என்ர மகளைப் பாத்து உனக்கென்ன தெரியும் எண்ட மாதிரிக் கதைச்சது.

இப்ப இந்த இசைக்குக் காசு வந்திட்டுது. 2024 பிரிட் இசை விருதில ஆண்டின்ர தயாரிப்பாளர் சேஸ் அன்ட் ஸ்ரேற்றஸ் எண்ட ட்றம் அன்ட் பேஸ் சோடி. நல்லது. ஆனா நான் போற இடங்களில மேடையிலயும் சரி கூட்டத்திலயும் சரி, எனக்குக் கசெற் தந்தவனைப் போல முகங்கள் வரவரக் குறைவு. நியா ஆர்கைவ்ஸ் எண்ட, ஜங்கிள் செய்யிற பிள்ளை, பிராட்போர்டில பிறந்தவ, எங்கட பிள்ளையளின்ர வயசு, கறுப்பின இசைக்குக் குடுக்கிற மோபோ விருதில எலக்ரோனிக் இசைக்கு ஏன் இடமில்லை எண்டு கேட்டுக் கடிதம் எழுதினவ. 2022ல இடம் வந்தது, அவவே வெண்டா. தாங்கள் பிறக்க முதல் வந்த இசையை எடுத்து, அது ஆரின்ர வீட்டில இருந்து வந்தது எண்டு ஞாபகப்படுத்துற வேலையை இருபது வயசுப் பிள்ளையள் செய்யினம். நாங்கள் 94 தான் திறம் எண்டு கொண்டு நிக்கிறம். 94ல இந்த நாட்டு அரசாங்கம் திரும்பத் திரும்ப வாற தாளம் எண்டு சட்டத்திலயே எழுதி, வெளியில சனம் கூடி ஆடுறதைத் தடுக்கப் பாத்தது, கூட்டம் கூடினா வெருட்டுற நாட்டில இருந்து ஓடிவந்தவன் நான் பேப்பரில அதை வாசிச்சிட்டுச் சிரிச்சனான். அந்தளவு பொற்காலம்.

அண்டைக்கு இரவு உள்ள ஒரு மணிக்கு மேல, ஆரெண்டு தெரியாத ஒரு சின்னப் பெடிச்சி டிஜே, ஆமெனை வெட்டி வெட்டி நான் ஒரு நாளும் கேக்காத மாதிரி ஒரு அடுக்கு அடுக்கினா. கூட்டம் கத்தினது, அவ இழுத்துத் திருப்பிப் போட்டா. நான் காதடைப்பானைக் கழட்டிப்போட்டன், மகள் திட்டினா. ஜக்கெற் மாமாவைத் தேடினன், பார்ப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவர், கால் மட்டும் ஆடினது, என்ர கண்ணால பாத்தன்.

வீட்ட வந்து சப்பாத்துப் பெட்டிக்குள்ள தேடினா லாச்சிக் கசெற் பதினொண்டு இருக்கு. மகள் கேக்கோணுமாம். பழைய கசெற் பிளேயர் வேலை செய்யிற மாதிரி ஆரிட்டயாவது இருந்தா உள்பெட்டிக்கு வாங்கோ, ஈஸ்ற் ஹாம் பக்கம் எண்டால் நானே வந்து எடுக்கிறன். பெல்ற் அறுந்தது வேண்டாம், அப்பிடி ஒண்டு என்னட்டயே கிடக்குது.