டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினைக் கொடுங்கள்

ரிப்பேருக்கு லேப்டாப் கொண்டு வருகிறவர்களிடம் "டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மிஷினை மட்டும் கொண்டு வாங்க" என்று சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சொல்ல முடிவதில்லை. டிஸ்க்கைக் கழற்றுவதற்கே அவர்கள் என்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

பீரோ பூட்டைச் சரி செய்ய ஆள் வந்தால், உள்ளே இருக்கும் நகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவரை அறைக்குள் விடுகிறோம். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. லேப்டாப் என்று வந்துவிட்டால் மட்டும் குடும்பப் படம், பேங்க் கணக்கு, ஆதார் ஸ்கேன், வீட்டுப் பத்திரம் எல்லாம் உள்ளே இருக்க, பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டி, முன்பின் தெரியாத கடையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். எதற்கு? கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை என்பதற்கு. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன், என்னை நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இருக்கக் கூடாது. கடைக்கு வரும் காலேஜ் பெண்கள் சிலர் வேலை முடியும்வரை ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று எனக்குப் புரியும். நானும் எதுவும் கேட்பதில்லை.

லேப்டாப்பின் டிஸ்க்கை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல், சொந்தக்காரர் தன் கையாலேயே எடுக்க முடிய வேண்டும். ஒரு லாக்கைத் தள்ளு, இழு, வந்துவிட வேண்டும். மிஷின் கம்பெனியுடையதோ கடையுடையதோ இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே இருக்கும் விஷயம் உங்களுடையது.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏற்கெனவே நடந்ததுதான். திங்க்பேட் லேப்டாப்களில் 1990-களிலேயே அல்ட்ராபே என்று ஒரு பகுதி இருந்தது. லாட்ச்சைத் தள்ளினால் சிடி டிரைவ் முழுசாக வெளியே வந்துவிடும், அதே இடத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தட்டோடு தள்ளிவிடலாம். 2006-ல் வந்த திங்க்பேட் டி60-ல் மெயின் டிஸ்க்குக்குக்கூட ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதைக் கழற்றி ஓரத்து மூடியை இழுத்தால், இரண்டு பக்கமும் ரப்பர் மாட்டிய டிஸ்க் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். ஆப்பிள்கூட 2008 கடைசியில் விட்ட அலுமினிய மேக்புக்கில் அடிப்பக்கம் ஒரு லாட்ச் வைத்திருந்தது. அதைத் தூக்கினால் பேட்டரி கைக்கு வரும், பக்கத்திலேயே டிஸ்க், அதற்கும் ஒரே ஸ்க்ரூ. அதே ஆப்பிள்தான் 2016-லிருந்து மேக்புக் ப்ரோவில் சேமிப்புச் சிப்பை போர்டோடு சால்டர் செய்ய ஆரம்பித்தது.

இதில் எனக்கு ஒரு விஷயம் சிரிப்பாக வரும். ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுற்றுகிற சாமான். அதிர்ந்தால் கெட்டுப்போகும். அதை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், ரப்பர் வைத்து அதிர்வைத் தணிக்கவும் வேண்டும். அந்தச் சிக்கலை வைத்துக்கொண்டே அன்றைக்குச் சுலபமாகக் கழற்றும்படி செய்தார்கள். அதற்குப் பதிலாக இன்றைக்கு வருகிற எஸ்எஸ்டி வெறும் சிப்தான், அசைகிற பாகமே கிடையாது. கனெக்டரிலிருந்து நழுவாமல், நுனி மேலே எழும்பாமல் பிடித்துக்கொண்டால் போதும். டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இந்த வேலைக்கு இப்போது ஒரு பிளாஸ்டிக் கொக்கி வருகிறது, விரலால் கால் சுற்று திருப்பினால் எஸ்எஸ்டி உட்கார்ந்துவிடும். ஆனால் லேப்டாப்பில் அடிமூடிக்குப் பத்து ஸ்க்ரூ, சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப், அதற்குள்ளே எஸ்எஸ்டிக்கு இன்னொரு ஸ்க்ரூ. பூட்டுக்கு அவசியம் குறையக் குறையப் பூட்டு கூடிக்கொண்டே போகிறது.

ஊர்ப்பக்கம் வருவோம். மதுரையில் இருப்பவருக்கு ஸ்க்ரூ ஒரு சில்லறைத் தொல்லை. எங்கள் கடற்கரையில் கதை வேறு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் துரு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இரும்பையே அரிக்கிற காற்றில் 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ எம்மாத்திரம்!

எம்.2 எஸ்எஸ்டியை, அதாவது இப்போதைய லேப்டாப்களில் வருகிற பட்டை மாதிரி எஸ்எஸ்டியை, பிடித்திருக்கும் ஸ்க்ரூ அந்த அளவுதான். 2 மில்லிமீட்டர் தடிமன், நீளம் 3 மில்லிமீட்டர். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஜன்னல் ஓரம் வைத்துப் புழங்கிய லேப்டாப்பைத் திறந்தால், ஸ்க்ரூ தலையின் குழிக்குள் பழுப்பாகப் பொடி தெரியும். சுரண்டினால் குழியின் விளிம்பும் சேர்ந்து வரும். அப்புறம் டிரைவர் பிடிக்காது, வழுக்கும். டிரைவர் நுனிக்கும் ஸ்க்ரூ தலைக்கும் நடுவில் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்புவேன். அதற்கும் மசியவில்லை என்றால் சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் சில நொடி வைத்துச் சூடு காட்டுவேன், மரையில் கம்பெனிக்காரன் தடவிய நீலப் பசை இளகும். பக்கத்தில் மதர்போர்டு இருக்கிறது, கை நடுங்கக் கூடாது.

அடிமூடி ஸ்க்ரூ இதைவிடப் பொல்லாதது. பிளாஸ்டிக் தூணுக்குள் பதித்த பித்தளை நட்டில் அது ஏறியிருக்கும். அங்கே பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் ஸ்க்ரூவும் நட்டும் ஒன்றாகிவிடும். திருப்பினால் நட்டே சேர்ந்து சுழலும், தூண் வெடிக்கும். மெக்னீசியக் கலவையில் செய்த உடம்பு என்றால் இரும்பு ஸ்க்ரூ, மெக்னீசியம், உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்து மின்னரிப்பு நடந்து, ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடியாக உதிரும். மூடி அதற்கப்புறம் ஒழுங்காக உட்காராது. "அண்ணே, கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்பார் வாடிக்கையாளர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்று, நேரம். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுச் சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவரின் மகன் டீசல் செலவு, ஐஸ் செலவு, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், மீன் கம்பெனி பாக்கி எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார். நல்ல பழக்கம். படகுத்துறையில் கணக்குப் பார்க்கும்போது ஒரு வாளிக் கடல்தண்ணீர் அதன்மேல் விழுந்தது. ஆஃப் செய்துவிட்டார், சரி. ஆனால் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, போர்டில் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடத்தைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும். அந்த நேரத்தில் டிஸ்க்கை உருவி எடுத்துவிட முடிந்திருந்தால் மிஷின் போனாலும் கணக்கு தப்பித்திருக்கும். அவர் என்னிடம் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால் தனி டிஸ்க்கே இல்லை. மலிவு மாடல்களில் வருகிற இஎம்எம்சி, போர்டிலேயே ஒட்டிய சிப். போர்டு பச்சை பூத்துப்போய்க் கிடந்தது. "அப்ப நோட்டுலயே எழுதியிருக்கலாம்ல அண்ணே" என்றார்.

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும்.

மெல்லிசாகச் செய்ய வேண்டும், கதவு வைக்க இடமில்லை என்பார்கள். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோ 8, 2021-ல் வந்தது, மொத்தத் தடிமனே 9.3 மில்லிமீட்டர். அதில் ஸ்டாண்டுக்கு அடியில் எஸ்எஸ்டிக்கென்று குட்டிக் கதவு இருக்கிறது, சிம் எடுக்கிற ஊசியை வைத்துக் குத்தினால் திறக்கும். உள்ளே ஒரு பொடி ஸ்க்ரூ வைத்துக் காரியத்தைக் கெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். இடமில்லை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

திருடு போகும் என்பது அடுத்தது. வீட்டில் புகுந்த திருடன் டிஸ்க்கை மட்டும் உருவிக்கொண்டு லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகப் போவதில்லை. ஆபீஸில் வேலை பார்க்கிற ஆளே உருவிக்கொண்டு போவான் என்ற பயம் நியாயமானது. அதற்கு லாட்ச்சில் சாவித் துவாரம் வைக்கலாம், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யலாம், அதாவது கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டலாம். கையால் கழற்றுகிற டிஸ்க்கைக் கடைசிவரை கைவிடாதவர்களே போலீஸ், ராணுவம், துறைமுகம் மாதிரி இடங்களுக்கு ரக்டு லேப்டாப் (அடி, தண்ணீர் தாங்குகிற வகை) விற்கிறவர்கள்தான். பேனசோனிக் டஃப்புக்கில் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் டிஸ்க் ஒரு பெட்டிக்குள் இருக்கும், நாடாவைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். குளிர் தேசங்களுக்காக டிஸ்க்குக்கு ஹீட்டர்கூட வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரத்துக்கு அது தேவைப்படாது!

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் வளைகுடாவில் துறைமுக வேலை பார்த்துவிட்டு வந்தவர். "டூட்டி முடிஞ்சதும் டிஸ்க்கை இழுத்து லாக்கர்ல வச்சிட்டுத்தான் தம்பி போவோம், மிஷின் பாட்டுக்கு மேஜையில கிடக்கும்" என்றார். தன் மகளுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார். ரக்டு மாடல் விலையைச் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இங்கேதான் எனக்குக் கோபம். அந்தப் பெட்டியின் விலை கூடுவதற்குத் தண்ணீர் புகாத உடம்பு, வெயிலில் தெரிகிற ஸ்க்ரீன் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் லாட்ச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிற எதிர்வாதம் ஒன்றுதான், கனெக்டர் தேய்மானம். சாட்டா என்ற பழைய வகைக் கனெக்டர் உள்ள டிஸ்க்கில் எர்த் பின்கள் மற்றதைவிட நீளம். செருகும்போது அவை முதலில் தொடும், மின்சாரம் இருக்கும்போதே செருகுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. எம்.2 சாக்கெட் அப்படி அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு வந்ததில்லை. வழக்கமாக 60 தடவை வரைக்கும்தான் கணக்கு. ஓடும்போது உருவவும் கூடாது. தினமும் லாக்கரில் வைக்கிற ஆபீஸுக்கு இது ஆகாது, எஸ்எஸ்டியைத் தனித் தட்டில் மாட்டி அந்தத் தட்டுக்கு உறுதியான கனெக்டர் வைத்துத்தான் தர வேண்டும். ஆனால் வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கை எப்போது கழற்றப் போகிறோம்? ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, புது மிஷின் வாங்கும்போது. அதற்கு 60 தாராளம்.

லாட்ச்சும் துருப்பிடிக்குமே என்று கேட்பீர்கள். பிடிக்கும். கடலோரத்தில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 இருந்தால் தாங்கும் என்பது படகு வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். ஸ்பிரிங்கை 316-ல் போட்டு, மிச்சத்தைப் பிளாஸ்டிக்கில் செய்து, கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் கொடுத்தால் எனக்கு அதுவே போதும்.

சட்டத்தை நம்பலாமா என்றால், மெதுவாகத்தான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரிச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே, கடையில் கிடைக்கிற சாதாரணக் கருவியால் கழற்றும்படி இருக்க வேண்டும். பேட்டரிக்கு அது. டிஸ்க்கைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நல்ல ஆரம்பம், ஆனால் அதனால் ஒரு ஸ்க்ரூகூட இன்னும் குறைந்ததாக என் மேஜையில் தெரியவில்லை.

அதுவரை, ஜூனில் காலேஜ் சேர்க்கைக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் ராம் எவ்வளவு, ப்ராசஸர் என்ன என்று கேட்பதோடு, "ஸ்டோரேஜ் போர்டுல ஒட்டினதா, தனியா கழட்டலாமா" என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை நெட்டில் தேடுங்கள். ஆபீஸ் வகை மாடல்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே போட்டிருக்கும், எந்த இடத்தில் எத்தனை ஸ்க்ரூ என்று படத்தோடு இருக்கும். அப்புறம், புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. போர்டு செத்தபிறகு டிஸ்க்கை வெளியே எடுத்தாலும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் திறக்காது. அந்த கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், இன்றைக்கே எடுத்து வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

சாதாரண விலையில், கையாலேயே டிஸ்க் கழற்றுகிற லேப்டாப் ஏதாவது இப்போது கடையில் கிடைத்தால் மாடல் பெயரைக் கீழே போடுங்கள். காக்கா போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.