ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பழைய புல்லட்டின் இழுவை திரும்பாது

"பழைய புல்லட் வேகமெடுக்கும்போது திணறினால் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இழுவை திரும்பிவிடும்" என்று பரவும் அறிவுரை தவறு. ஃபில்டர் அடைத்திருந்தால் புதிது போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். தூசி புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். பல வண்டிகள் இப்படித்தான் வீணாகின்றன.

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால் கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பெட்ரோல் சரியாக இறங்காது. திணறும்போதே ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வண்டி பழையபடி ஓடினால், துளையைச் சுத்தம் செய்தாலே போதும். இல்லையென்றால் காண்டாக்ட் பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வருவதற்காகத் திறந்து மூடும் இரு மின் முனைகள்) இடைவெளியை அளந்து பாருங்கள்: 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். முனை கருகியிருந்தால் கண்டன்சரையும் (முனைகள் கருகாமல் காக்கும் சிறு மின் பாகம்) மாற்றுங்கள்.