குடிலுக்குள் 230 வோல்ட் வேண்டாம், மக்களே

டிசம்பர் பிறந்தாச்சு. கருங்கல் பக்கம் எங்கள் தெருவில் மூங்கிலும் வைக்கோலும் வந்து இறங்கிவிட்டன. இப்போது பையன்கள் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற விதமே வேறு. ஓடை ஓடுகிறது, ஆரல்வாய்மொழியில் பார்த்த மாதிரி குட்டிக் காற்றாலை சுற்றுகிறது, போனைத் தட்டினால் ஸ்டார் எரிகிறது. எல்லாம் அவர்களே செய்தது. பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் குனிந்து வயரிங்கைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகன் போனில் ஆஃப் செய்துவிட்டு, பிரிந்து கிடந்த சீரியல் லைட் ஜாயின்ட்டுக்கு டேப் சுற்றப் போனான். மழை பெய்து ஓய்ந்த நேரம், காலில் செருப்பு இல்லை. தொட்டதும் பின்னால் தூக்கி எறிந்துவிட்டது. விரல் நுனியில் பயறு அளவுக்கு வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. “ஆஃப் பண்ணித்தான் இருந்தேன் சித்தப்பா, பின்ன எப்படி அடிச்சு?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டான்.

காரணம் இரண்டு முள் பிளக். அதை எப்படித் திருப்பிச் சொருகினாலும் நுழையும். அன்றைக்குத் திரும்பி நுழைந்ததில், போனில் தட்டினால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சான ரிலே, கரண்ட் வருகிற லைன் வயரில் இல்லாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் மாட்டிக்கொண்டது. விளக்கு அணைந்தது, லைட் சரம் முழுக்க லைன் அப்படியே நின்றது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. சரி, பிளக்கை நேராகச் சொருகியிருந்தால்? அப்போதும் அந்த நீல ரிலே போர்டின் பின்பக்கம், அரிசிமணி அளவு ஈயப் புள்ளி ஒன்றில் லைன் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த போர்டைத்தான் டப்பா கூட இல்லாமல் தெர்மோகோல் மேல் ஒட்டியிருந்தார்கள், ஓடைக்குத் தண்ணீர் விடுகிற பம்புக்கு ஒரு சாண் தள்ளி.

கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுகிற சுவிட்சான எம்சிபி ஏன் விழவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். 16 ஆம்பியர் எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. நெஞ்சுக்குள் 0.1 ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். ஆளுக்கென்று இருப்பது, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் (0.03 ஆம்பியர்) ஆர்சிசிபி. நம்ம ஊர் எலெக்ட்ரீஷியனிடம் ஈஎல்சிபி என்று கேட்டால் தெரியும். அதுவும் ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் உதவாது. எர்த்துக்குக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும்.

எனக்கு அதிகக் கோபம் வருவது இன்னொன்றின் மேல். வீடியோ பார்த்து, ஒரு கெபாசிட்டரும் நாலு டயோடும் வைத்து 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குகிறார்கள். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 70 மில்லி ஆம்பியர் சொச்சம் கிடைக்கும், எல்ஈடி எரியும். மீட்டரும் 5 வோல்ட் என்றே காட்டும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் அந்த 5 வோல்ட் வயர் கரண்ட் லைனோடு நேரடியாகச் சேர்ந்தே இருக்கிறது. ஈரத் தரையில் நின்று தொடுகிறவனுக்கு அது 5 வோல்ட் இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கெபாசிட்டரில் தேங்கிய கரண்டை வடிக்க அதற்குக் குறுக்கே ரெசிஸ்டர் போடாமல் விட்டிருந்தால், பிளக் முள்ளைத் தொட்டால் அடிக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிரித்துப் போட்ட பல்பிலிருந்து எடுத்த போர்டும் பெரும்பாலும் இதே கதைதான்.

இந்த வருஷம் எங்கள் குடிலில் எல்லாமே 12 வோல்ட். நல்ல அடாப்டர் ஒன்று வாங்கி, வீட்டுக்குள் மழை படாத சுவரில் மாட்டியிருக்கிறோம். அதிலிருந்து இரண்டு வயர் மட்டும் வெளியே போகிறது. எல்ஈடி ஸ்ட்ரிப், கியர் மோட்டார், பம்பு எல்லாம் 12 வோல்ட்டில் கடையில் கிடைக்கிறது. ஓடை முன்பு போலவே ஓடுகிறது, காற்றாலையும் சுற்றுகிறது. வயரை எலி கடித்தால் விளக்கு அணையும், அவ்வளவுதான்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் யாராவது போர்டு செய்து வைத்திருந்தால், பிளக்கில் சொருகும் முன்னால் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஏழு மணிக்கு மேல் இருப்பேன். சேர்ந்து பார்ப்போம்.