பெரியம்மாவுக்குப் புரியாத தீர்ப்பு

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல். 14 பக்கம், அத்தனையும் ஆங்கிலம்.

“ஜெயிச்சாச்சுன்னு வக்கீல் போன்ல சொன்னாரு. உள்ள என்னதான்பா எழுதியிருக்கு?”

வயலுக்குப் போகும் வண்டிப்பாதைதான் தாவா. எதிர்த்தரப்பு, அவருடைய சொந்தச் சித்தப்பா குடும்பம். மொத்தம் 11 வருடம். கீழ்க் கோர்ட்டில் இருந்தவரைக்கும் அவருக்கு ஓரளவு பிடிபட்டது. டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுவார், இவர் ஓடிப்போய் நிற்பார், வாய்தா என்பார்கள், குமாஸ்தா துண்டுச் சீட்டில் அடுத்த தேதியை எழுதித் தருவார். கூண்டில் ஏறித் தமிழில் சாட்சியும் சொன்னார். வழக்கு மேலே போனதோடு அவர் வெறும் பார்வையாளர் ஆகிவிட்டார்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 348-வது பிரிவுப்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஆளுநர் மாநில மொழியை உயர் நீதிமன்றத்தில் அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நான்கிலும் இந்திக்கு அந்த அனுமதி உண்டு. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

தமிழில் சட்டச் சொல் ஏது என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வக்காலத்து, வாய்தா, ஜாமீன் எல்லாம் எந்த ஊர்ச் சொற்கள்? பள்ளிக்கூடமே போகாத கிழவி வாயில் சரளமாக வருகிறதே! வெளிமாநில நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டும் நியாயமான சிக்கல். சரி, தீர்ப்பை ஆங்கிலத்திலேயே எழுதட்டும். கூடவே வழக்காளிக்கு இரண்டு பக்கம் தமிழில் சாரம் கொடுங்கள். உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழாக்கி இணையத்தில் போடுகிறதே.

அப்புறம், பெரியம்மாவிடம் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தாலே இலவச வக்கீல் கேட்கலாம், வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். இவரோ வக்கீல் பீஸுக்காக இரண்டு வளையலை அடகு வைத்தார். வட்டி கட்ட முடியாமல் முழுகிப் போய்விட்டது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்துச் சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி: குறுக்கு விசாரணையில் எவ்வளவு மடக்கியும் இவர் பேச்சு மாறவில்லை, கீழ்க் கோர்ட் இவரை நம்பியது சரியே. பெரியம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் ஊரே அவரைப் பொய்சொல்லி என்றுதான் பேசியது. தீர்ப்பு வந்து எட்டு மாதமாக அந்தப் பத்தி பீரோவுக்குள்தான் கிடந்திருக்கிறது.

அதை மட்டும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். காலையில் கடைக்கு அனுப்பி ஐந்து ஜெராக்ஸ் எடுக்க வைத்தார். ஒன்று சித்தப்பா வீட்டுக்காம்.