ஐடியில் இருந்தால் சங்கம் சேர முடியாதா?

சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஐடி ஊழியர்கள் சங்கம் சேரக் கூடாது, மேனேஜர் கொடுமைப்படுத்தினால் பேப்பர் போடுவதுதான் (ராஜினாமா செய்வதுதான்) ஒரே வழி." இது தவறு, தயவுசெய்து பரப்பாதீர்கள். சங்கம் சேரும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது, ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டது.

சரி, அந்தச் செய்தியில் ஒரு பாதி உண்மையும் உண்டு. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, வேண்டுமென்றே ஒதுக்குவது, ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டுக் கத்துவது போன்றவற்றுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, வேலை இடத்துக்கென்று வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு மட்டும்தான். ஆனால் தனிச் சட்டம் இல்லை என்பதும் வழியே இல்லை என்பதும் ஒன்றல்ல. தேதி போட்டு எழுதி வையுங்கள், மெயிலை அழிக்காதீர்கள், எச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுமைக்கு ஆளாகிறவரை முதலில் உடைப்பது தனிமைதான், அதனால் பக்கத்து சீட்டுக்காரர் "நானும் பார்த்தேன்" என்று சொல்வது மிகப் பெரிய துணை. தூக்கமே போய்விட்டதென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.