காசு கொடுத்து வாங்கிய பாட்டைக் கேட்பது திருட்டா?

புரட்டாசிச் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எல்லோர் காதுக்கும் எட்டியிருக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கின தேவார சிடியை எம்பி3 பிளேயரில் ஏற்றித் தரச் சொன்ன ஒரு பெரியம்மாவை, அத்தனை பேர் முன்னால் "இது திருட்டு" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை தப்பு. வாங்கின பாட்டை வாங்கினவர் தனக்கு வசதியான கருவியில் கேட்பது திருட்டு ஆகாது.

வேறு கருவியில் பாடாதபடி மென்பொருளால் பாட்டுக்குப் பூட்டுப் போட்ட காலத்தில் அடி வாங்கினது யார்? காசு கொடுத்தவர்கள்தான். 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் 99 சென்ட் கொடுத்து வாங்கின பாட்டைக் கையில் எடுத்துப்போக ஐபாட்தான் வேண்டும், வேறு பிளேயரில் பாடாது. மைக்ரோசாஃப்ட் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' (நிச்சயம் பாடும்) என்று முத்திரை குத்தி விற்கவைத்த பாட்டுகள், 2006-இல் அதே மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஸூன் பிளேயரிலேயே பாடவில்லை. 2005-இல் சோனி பிஎம்ஜி சில சிடிகளில் மறைத்து வைத்த மென்பொருள், சிடி வாங்கிக் கணினியில் போட்டவர்களின் பாதுகாப்பையே உடைத்தது. திருட்டுத்தனமாக இறக்கினவனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கடைசியில் 2009-இல் ஐடியூன்ஸே பாட்டுகளுக்கான பூட்டைக் கழற்றியது.

"கலைஞன் வயிற்றில் அடிக்கலாமா?" என்பீர்கள். கள்ள சிடி அடித்து விற்பவனைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன். அது வேறு, இது வேறு.

"சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். நம் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1978-இல் எழுதினது, ஒலிப்பதிவை இப்படிப் படியெடுக்கத் தெளிவான இடம் தரவில்லை, உண்மைதான். சொந்த உபயோகத்துக்குப் படியெடுக்க அனுமதிக்கும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதி 2020-இல் திருப்பி அனுப்பினார், 2024-இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். சட்டம் செய்பவர்களே இத்தனை வருஷமாக முடிக்காத விஷயத்துக்கு ஒரு வயதான மனுஷியைத் திருடி என்பதா?

"ஸ்பாட்டிஃபையில் கேட்கட்டுமே" என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத பதில். அது சந்தா கட்டி இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவை, அதில் இறக்கி வைத்த பாட்டு உங்களுடையது இல்லை. 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தைத் தொடாவிட்டால் பாடாது. சந்தா நின்றால் இறக்கினதும் போச்சு. கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டது, எம்பி3 பிளேயருக்கு மாற்றவே முடியாது. பென்ஷன் பணத்தில் டேட்டா வாங்கித் தேவாரம் கேள் என்று பெரியவர்களிடம் சொல்ல எப்படி மனசு வருகிறது?

சிடியைப் பிளேயரில் ஏற்றித் தருகிறவர்கள் கவனிக்க: பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் 'காப்பி புரொடெக்ட் மியூசிக்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்த சிடிக்கே பூட்டு விழும். விண்டோஸை மறுபடி போட்ட அன்றைக்கு உரிமம் போய்ப் பாட்டு ஊமையாகிவிடும். கோப்பு வகை எம்பி3, ஒலித் தரம் 320 கேபிபிஎஸ் என்று வையுங்கள். நிமிஷத்துக்கு 2.4 எம்பி, ஒரு மணி நேர சிடிக்கு 145 எம்பி போல ஆகும். 8 ஜிபி கார்டில் 50 சிடி தாராளமாக அடங்கும். கீறல் விழுந்த சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் நல்லது, படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கார்டை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். மலிவான பிளேயர் பலவும் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையைப் படிக்காது. தமிழில் பெயர் வைத்தால் அவற்றில் பல வெறும் கட்டம்தான் காட்டும், அதனால் ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். காப்பி செய்த வரிசையில்தான் சில பிளேயர் பாடும்.

ஐடியூன்ஸ் கடை நம் நாட்டில் 2012 டிசம்பரில்தான் திறந்தது. அதற்கு முன்னால் வெளிநாட்டுக் கணக்கில் வாங்கின, பூட்டுப் போட்ட எம்4பி (.m4p) கோப்பு வைத்திருப்பவர்கள், ஐடியூன்ஸிலேயே ஆடியோ சிடியாக எழுதி, திரும்ப ஃபிளாக் என்ற, தரம் குறையாமல் சுருக்கும் கோப்பாக ஏற்றுங்கள். எம்பி3-ஆக ஏற்றினால் இரண்டாம் முறை சுருக்கித் தரம் இன்னும் குறையும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.