கடைசிப் பந்தி

2025 அக்டோபரில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே என்ற இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் திவாலாகி, கடன்களை ஒழுங்குபடுத்த வரும் நிர்வாகியின் கைக்குப் போய், கூடவே அதற்குத் தண்டனையாக லீக்கில் 12 புள்ளிகளையும் இழந்தபோது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி கிளம்பியது. “முதலாளி பண்ணின தப்புக்கு விளையாடுறவனையும் பார்க்கிறவனையும் ஏன் தண்டிக்கணும்?” என்று ஒரு கட்சி. “கட்ட முடியாத சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறதும் ஏமாத்து வேலைதான், வெட்டட்டும்” என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் புள்ளிக்கணக்கைத்தான் பேசினார்கள். எனக்கோ 2009-10 போர்ட்ஸ்மவுத் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையில் புள்ளிகள் ரொம்பச் சின்ன விஷயம். அன்றே எழுதியிருக்க வேண்டும், சோம்பல். இப்போது நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்தின் தென்கரையில் கப்பற்படையை நம்பி வளர்ந்த ஊர். 1949, 1950 இரண்டு வருடமும் அவர்கள்தான் லீக் சாம்பியன். 1939-இல் எஃப்ஏ கோப்பையை (லீக்குக்குத் தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டி) வென்றார்கள். சில மாதங்களிலேயே போர் வந்து போட்டி நின்றுபோனதால் கோப்பை ஏழு வருடம் அவர்கள் பெயரிலேயே கிடந்தது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஃப்ராட்டன் பார்க் என்ற அவர்களுடைய மைதானம் வரிசை வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் பழைய கட்டடம். சுமார் இருபதாயிரம் பேர் உட்காரலாம். இந்த இருபதாயிரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் அலெக்சாந்தர் கைதமாக் கிளப்பை வாங்கினார். ஹாரி ரெட்நாப் பயிற்சியாளர். 2008-இல் அந்த அணியைப் பாருங்கள்: கோலில் டேவிட் ஜேம்ஸ், பின்னால் சோல் கேம்ப்பெல், டிஸ்டான், கிளென் ஜான்சன், நடுவில் லசானா டியாரா, முன்டாரி, கிராஞ்சார், முன்னால் கானு. இதை ஒரு இருபதாயிரம் இருக்கை கிளப்பின் அணி என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் ஓல்ட் டிராஃபோர்டுக்கே போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தினார்கள். யுனைடெட் கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட, தடுப்பாட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட் கையுறை மாட்டிக்கொண்டு நிற்க, முன்டாரி பெனால்டி அடித்தார். 2008 மே 17, இறுதியாட்டம், கார்டிஃப் சிட்டி, 1-0, கானு. அறுபத்தொன்பது வருடம் கழித்துக் கோப்பை ஊர் திரும்பியது.

அதே வருடம் நவம்பரில் இத்தாலியின் பெரிய கிளப் ஏசி மிலான் ஃப்ராட்டன் பார்க்குக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கபூல் ஒன்று, கானு ஒன்று, போர்ட்ஸ்மவுத் 2-0 முன்னிலை. கடைசிச் சில நிமிடங்களில் ரொனால்டினோவும் இன்ட்சாகியும் ஆளுக்கு ஒன்று போட்டு 2-2 ஆக்கினார்கள். எனக்கு அந்த அணிமீது பாசம் வந்தது அந்த ராத்திரிதான். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், இருபதாயிரம் இருக்கை வருமானத்துக்கும் அந்தச் சம்பளப் பட்டியலுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை முதலாளியின் பையும் கடனும்தான் நிரப்பிக்கொண்டிருந்தன. உலக நிதி நெருக்கடி வந்தது, பை மூடிக்கொண்டது. ரெட்நாப் 2008 அக்டோபரிலேயே டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். 2009 ஜனவரியில் டியாரா ரியல் மாட்ரிட்டுக்கு, டெஃபோ டாட்டன்ஹாமுக்கு. அந்தக் கோடையில் ஜான்சன் லிவர்பூலுக்கு, கிரவுச்சும் கிராஞ்சாரும் டாட்டன்ஹாமுக்கு, டிஸ்டான் எவர்ட்டனுக்கு. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதுபோல. விற்ற காசும் அணிக்குத் திரும்பி வரவில்லை. பழைய கடனுக்கே போனது.

2009-10 பருவம் தொடங்கி முதல் ஏழு லீக் ஆட்டங்களிலும் தோல்வி. மைதானத்துக்கு வெளியே நடந்ததோ கூத்து. ஆகஸ்டில் கைதமாக்கிடமிருந்து சுலைமான் அல்-ஃபஹிம் வாங்கினார். அக்டோபரில் அவர் தொண்ணூறு சதவீதப் பங்கை அலி அல்-ஃபராஜ் என்பவருக்கு மாற்றினார். இந்த அல்-ஃபராஜை மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. பெயரை வைத்தே ரசிகர்கள் ‘அல்-மிராஜ்’, அதாவது கானல்நீர் என்று கிண்டலடித்தார்கள். பிப்ரவரியில், கொடுத்த கடன் திரும்பி வராததால், ஹாங்காங் தொழிலதிபர் பல்ராம் சைன்ராய் கிளப்பை எடுத்துக்கொண்டார். ஒரே பருவத்தில் நான்கு முதலாளிகள். கிளப் வாங்க வருபவர் யோக்கியரா, வசதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஒரு தகுதிச் சோதனை உண்டு. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நம் ஊரில் ஒரு வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளில் பாதியாவது அதில் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சம்பளம் ஒரு தடவை இல்லை, பல தடவை தாமதமானது. புதிதாக ஆள் எடுக்கத் தடை விழுந்தது. வரித்துறை கிளப்பைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது. ஜனவரியில் கட்டணம் கட்டாததால் கிளப்பின் இணையதளமே சில நேரம் முடங்கியது. பிரீமியர் லீக்கோ, கிளப்புக்கு வரவேண்டிய டிவி பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, போர்ட்ஸ்மவுத்துக்கு ஆட்டக்காரர்களை விற்ற மற்ற கிளப்புகளுக்கு நேராகக் கொடுத்துவிட்டது. இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருகிறேன்.

2010 பிப்ரவரி 26 அன்று நிர்வாகி வந்தார். பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே இந்த நிலைக்கு வந்த முதல் கிளப். மார்ச்சில் ஒன்பது புள்ளிகள் வெட்டு, ஊழியர்களில் 85 பேருக்கு வேலை போனது.

இதற்கு நடுவில்தான் எனக்குப் பிடித்த பகுதி. லீக்கில் செத்துக்கொண்டிருந்த அந்த அணி எஃப்ஏ கோப்பையில் மட்டும் சாக மறுத்தது. நிர்வாகி வருவதற்குப் பதிமூன்று நாள் முன்னால் ஜென்ம விரோதி சவுத்தாம்ப்டனை அவர்கள் ஊரிலேயே 4-1 என்று அடித்தார்கள். காலிறுதியில் பர்மிங்காமை 2-0. ஏப்ரல் 10, சனிக்கிழமை, வேறெங்கோ வெஸ்ட்ஹாம் ஜெயித்ததால் போர்ட்ஸ்மவுத் கீழ் டிவிஷனுக்கு இறங்குவது கணக்குப்படி உறுதியானது. மறுநாள் ஞாயிறு, வெம்ப்ளியில் அரையிறுதி. எதிரே டாட்டன்ஹாம். அந்த அணியில் கிரவுச், டெஃபோ. பயிற்சியாளர் பெஞ்சில் ரெட்நாப். தங்களிடமிருந்து போன ஆட்களோடு, தங்களைவிட்டுப் போன ஆசானை எதிர்த்து, தரமிறங்கி இருபத்து நாலு மணி நேரம்கூட சரியாக ஆகாத நிலையில் ஒரு அரையிறுதி! கூடுதல் நேரத்தில் டாட்டன்ஹாமின் மைக்கேல் டாசன் வழுக்கி விழ, பிக்கியோன் ஒன்று போட்டார். அப்புறம் பெனால்டியில் கெவின்-பிரின்ஸ் போட்டெங் இரண்டாவது. போட்டெங்கும் முந்தின கோடையில் டாட்டன்ஹாமிலிருந்து வந்தவர்தான். 2-0. நான் சோபாவில் ஏறி நின்றேன். அம்மா வந்து, “என்ன, கப் ஜெயிச்சுட்டாங்களா?” என்று கேட்டாள். இல்லம்மா, நேத்துதான் தோத்தாங்க என்று சொன்னதை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

இறுதியாட்டம் மே 15, செல்சியோடு. முதல் பாதியில் செல்சி அடித்தது ஐந்து முறை கம்பத்தில் பட்டது. இங்கே ஒரு சின்னக் கதை. அருணா டின்டானேவை பிரெஞ்சுக் கிளப் லான்ஸிடமிருந்து இரவலாக எடுத்திருந்தார்கள். ஒப்பந்தப்படி அவர் இன்னொரு ஆட்டம் ஆடினால் லான்ஸுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டிவரும் என்பதால் அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். இறுதியாட்டத்துக்காக மட்டும் லான்ஸ் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. இரண்டாம் பாதியில் செல்சியின் பெல்லெட்டி தட்டிவிட, பெனால்டி வாங்கித் தந்தது அதே டின்டானே. போட்டெங் அடித்ததை செல்சி கோல்கீப்பர் செக் காலால் தடுத்தார். சில நிமிடங்களில் செல்சியின் துரோக்பா ஃப்ரீ கிக்கில் கோல். 0-1. கடைசியில் லாம்பார்ட் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார் என்பதெல்லாம் ஆறுதலுக்கு. அவ்வளவுதான்.

சரி, புள்ளிகளுக்கு வருகிறேன். 38 ஆட்டம், 7 வெற்றி, 7 சமன், 24 தோல்வி. 28 புள்ளி, ஒன்பதைக் கழித்தால் 19. அந்த வெட்டே இல்லாவிட்டாலும் 28-ஓடு அவர்கள்தான் கடைசி. அவர்களுக்கு மேலே இருந்த இரண்டு கிளப்புகளுக்கு 30. ஆக, “புள்ளியை வெட்டி இறக்கிவிட்டார்கள்” என்பது கணக்குப்படி பொய். அந்த அணியை இறக்கியது 2009 கோடைக்காலம். புள்ளி வெட்டு பிணத்தின்மேல் அடித்த முத்திரை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஏப்ரலில் நிர்வாகியின் கடன் அறிக்கை வெளியானது. மொத்தம் சுமார் 11.9 கோடி பவுண்டு. பட்டியலில் வங்கி இருக்கிறது, முன்னாள் முதலாளி இருக்கிறார், வரித்துறை இருக்கிறது. கூடவே உள்ளூர்க் கடைக்காரர்கள், சின்னத் தொழில்கள், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். மைதான ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நிற்கும் தொண்டர்களின் அமைப்பு அது. அவர்களுக்குப் பாக்கி சில ஆயிரம் பவுண்டு. நடுக்களத்தில் ஆடும் ஒருவரின் சில நாள் சம்பளம்.

இப்போது அந்த டிவி பணக் கதைக்கு வாருங்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் ‘கால்பந்துக் கடன்’ என்று ஒரு விதி. கிளப் திவாலானாலும் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் கொடுக்க வேண்டியதை முழுசாகக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் இடம் கிடையாது. மிச்சம் இருப்பதை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ளலாம். போர்ட்ஸ்மவுத்தில் அந்த மற்றவர்களுக்குக் கிடைத்த ஏற்பாடு: ஒரு பவுண்டுக்கு இருபது பென்ஸ், அதுவும் ஐந்து வருடத்தில். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் பந்தி. பாத்திரம் தேய்த்தவர்களுக்குக் கடைசிப் பந்தி, அதிலும் பாதி இலையில் பாயசம் கிடையாது.

லீக் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்காமல் ஓடினால் வரிசையாக எல்லாம் சரியும், கொடுக்காதவனே ஜெயித்தால் போட்டிக்கு மரியாதை இல்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கி வராததால் உள்ளூர்க் கடைக்காரர் சரிந்தால் அது சரிவில்லையா? இதைவிட ஒரு விஷயம். தனக்கு எப்படியும் முழுசாக வந்துவிடும் என்று தெரிந்தால், விற்கிற கிளப் எதற்காக வாங்குகிறவனின் கையிருப்பைப் பார்க்கப்போகிறது? அந்த விதி பாதுகாப்பு மட்டும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வியாபாரம் செய்ய ஒரு தைரியமும்கூட. வரித்துறை இந்த விதியை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை போய் 2012-இல் தோற்றது.

அதற்குப் பிந்தைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் இன்னொரு முதலாளி, அவருடைய நிறுவனமும் அதே வருடம் சரிந்தது. 2012 பிப்ரவரியில் மறுபடியும் நிர்வாகி, பத்துப் புள்ளி வெட்டு, மூன்றாவது டிவிஷன். அடுத்த வருடம் இன்னொரு பத்துப் புள்ளி, நான்காவது டிவிஷன். பிரீமியர் லீக்கிலிருந்து அங்கே போக மூன்றே வருடம்.

2013 ஏப்ரலில் ரசிகர்களின் அறக்கட்டளை கிளப்பை வாங்கியது. ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வசதியான சில ரசிகர்கள் பெரிய தொகை போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; எல்லாமே உண்டியல் காசில் நடந்ததுபோல எழுதுகிறவர்கள் கொஞ்சம் இனிப்பு அதிகம் போடுகிறார்கள். 2014 செப்டம்பரில் பழைய கடன் முழுவதும் தீர்ந்தது என்று அறிவித்தார்கள். 2017-இல் நான்காவது டிவிஷன் சாம்பியன் ஆனார்கள். அதே வருடம் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்குக் கிளப்பை விற்க பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டார்கள். அது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. ஆனால் ஆயிரம் பவுண்டு போட்டது அவர்கள். நான் போட்டது ஒரு லைக். 2024-இல் மூன்றாவது டிவிஷனையும் வென்று மேலே வந்துவிட்டார்கள்.

குழுவில் ஒருவர் கேட்டார்: “அப்போ 2008 கப் இல்லாமலே இருந்திருக்கலாம்னு சொல்றியா?” தெரியவில்லை. கானுவின் கோலை இன்றும் யூடியூபில் போட்டுப் பார்க்கிறேன், இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த மிலான் ஆட்டத்தையும் போன வாரம் பார்த்தேன். ரொனால்டினோ ஃப்ரீ கிக் அடிக்கும்போது எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். நான் கோட்டுக்கு வெளியே முதலுதவிக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.